பிந்தி எரிந்த பல்ப்

நீங்கள் பொய் சொன்னீர்கள். அன்றைக்கு விசாரணை மேசையில் சொன்னீர்கள். இப்போது மேடையேறி மறுபடியும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்றவர்களின் ஒன்றுகூடலில் நீங்கள் பேசிய பேச்சை மலரில் அச்சிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்து உர ஆலையில் தலைமைப் பொறியியலாளராக இருந்த காலத்தைப் பற்றி நாலு பக்கம். அதில் பாதிப் பக்கம் பகிடி. ரமழான் நோன்பு மாதத்தில் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் நித்திரை கொண்டு பெல்ட்டைக் கிழியவிட்ட கிண்ணியாக்காரரைப் பற்றிய பகிடி. சபை சிரித்தது என்று அடைப்புக்குறிக்குள் வேறு போட்டிருக்கிறார்கள்.

அந்த மனிதர் நித்திரை கொள்ளவில்லை. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் காட்டியவள் நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலை சீனக்குடாப் பக்கமாக, துறைமுகத்தின் உள்வளைவில் இருந்தது. கப்பலில் உரம் உதிரியாக வரும். இறங்குதுறையிலிருந்து ஒரு நீண்ட பெல்ட் அதை மேலே ஏற்றி, ஆறு பெரிய தொட்டிகளுக்குள் கொட்டும். தொட்டிகளின் அடியில் ஆறு வாய்கள். ஒவ்வொரு வாயிலும் நிறை பார்த்து, மூட்டை கட்டி, நிறைத் துண்டோடு லொறியில் ஏற்றுவார்கள். லொறிகள் கந்தளாய், பொலன்னறுவை, வவுனியா என்று வயல் உள்ள இடமெல்லாம் போகும். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கம்பியூட்டர் பகுதிக்குச் சேர்ந்தேன். வீடு அன்புவழிபுரம். காலையில் பஸ், மாலையில் பஸ். தொழில்நுட்பப் பகுதியில் நான் ஒருத்திதான் பெண். எனக்கென்று ஒரு கழிப்பறை இல்லாததால் வெயிலில் ஆலையைச் சுற்றி அலுவலகக் கட்டடத்துக்கு நடந்து போய்வர வேண்டும். அதைப் பற்றி உங்களிடம் கேட்டபோது, "கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றீர்கள். நான் வேலையை விட்ட நாள்வரை பொறுத்தேன்.

கம்பியூட்டர் இரண்டு அலுமாரி அளவில் இருந்தது. ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். உரத்தூசியும் கடற்காற்றும் அதற்கு ஆகாது. ஆலையில் ஏசி இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று கம்பியூட்டருக்கு, மற்றது உங்களுக்கு.

அந்தக் கம்பியூட்டர் கணக்குப் போடுகிற கம்பியூட்டர் இல்லை. சம்பளக் கணக்குப் போடுகிற கம்பியூட்டர் பிந்தினால் கிளாக்கர் இன்னொரு தேத்தண்ணி குடிப்பார், அவ்வளவுதான். இது ஓடும் இயந்திரங்களை நடத்துவது. தொட்டி நிறைந்தால் கதவை மூட வேண்டும், பெல்ட்டில் ஏதும் சிக்கினால் நிறுத்த வேண்டும், அதுவும் உரிய நேரத்துக்குள். சரியான வேலையைப் பிந்திச் செய்தால் அது பிழையான வேலைதான். இதை எனக்குப் பயிற்சி தந்தவர்கள் முதல் நாளே சொல்லித் தந்தார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

அந்த மனிதர் பெல்ட்டை இயக்கும் தொழிலாளி. இறங்குதுறைப் பக்கத்து மேடையில் ஒரு சிறிய தகரக் கூட்டுக்குள் இருந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வேலை. கையெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான். எனக்கு ஒரு பதினைந்து வயது மூத்தவர். நான் முஸ்லிம் வழக்கப்படி நானா என்று கூப்பிடுவேன், அவர் தங்கச்சி என்பார். வாய் ஓயாத ஆள். மேடைக்குக் கீழே போகிற யாரையும் ஒரு சொல் சொல்லாமல் விடமாட்டார். நான் வெயிலில் கழிப்பறைக்கு நடந்து போவதைப் பார்த்து, "தங்கச்சி, சம்பளத்தோட பஸ் காசும் கேளுங்க!" என்று மேலேயிருந்து கத்துவார்.

முன்பு அந்தச் சிவப்புப் பொத்தான் நேராக மோட்டரின் மின்சாரத்தை வெட்டியது. அமத்தினால் நிற்கும். ஆனால் பெல்ட் பாரத்தோடு நின்றுவிடும். பிறகு ஆட்கள் ஏறிச் சவளால் உரத்தை அள்ளிக் கொட்டினால்தான் மறுபடி ஓடும். அரை நாள் போய்விடும். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. நான் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் பொத்தானின் வயரைக் கம்பியூட்டருக்குள் விடச் சொன்னீர்கள். பொத்தானை அமத்தினால் கம்பியூட்டர் எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, பெல்ட்டுகளை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும். நல்ல யோசனைதான். கம்பியூட்டர் பிந்தாமல் இருக்கும் வரைக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கச்சான் காற்று அனலாக வீசியது. நோன்பு மாதம். கப்பலின் அடித்தட்டிலிருந்து ஒரு இரும்புக் கம்பி உரத்தோடு சேர்ந்து பெல்ட்டில் ஏறிவிட்டது. நானா அதைக் கண்டார், பொத்தானை அமத்தினார். பெல்ட் நிற்கவில்லை. கம்பி சரிவில் போய்க் குத்திக்கொண்டு நிற்க, பெல்ட் அதன்மேல் ஓடியது. புடவைக்கடையில் துணி கிழிக்கிற மாதிரி நீளத்துக்குக் கிழிந்தது. அதற்குப் பிறகு எல்லா பெல்ட்டும் நீங்கள் விரும்பியபடி ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். பொத்தானை உங்கள் கையாலேயே அமத்திப் பார்த்தீர்கள். கம்பியூட்டர் உடனே நிறுத்தக் கட்டளை கொடுத்தது. ஒரு நொடி பிந்தவில்லை. நீங்கள் நானாவின் பக்கம் திரும்பினீர்கள்.

"எத்தனை மணிக்கு எழும்பினீர்?"

"விடிய முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழும்பின நான் சேர்."

"அதுக்குப் பிறகு படுக்கேல்லையோ?"

"இல்ல சேர். வேலைக்கு வந்த நான்."

"சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை, நித்திரையும் இல்லை. பின்னேரம் இந்தக் காத்துக்கு கண் சொருகாமல் இருக்குமோ?"

"சேர், நான் கம்பியக் கண்ட நான். கண்டுதான் அமத்தின நான்."

"கண்டு எவ்வளவு நேரத்தால அமத்தினீர் எண்டதுதான் கேள்வி."

அவ்வளவுதான் உங்கள் ஆராய்ச்சி. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினீர்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் என்று முடிவானால் வேலை போகும், வேலையில் நித்திரை கொண்டவன் என்ற பெயரோடு போகும்.

பெல்ட்டை ஒட்டித் தைத்து ஓட விடுவதற்குச் சில நாள் எடுத்தது. அதற்குள் நான் ஒரு பலகைத் துண்டில் இரண்டு சின்ன பல்புகளைப் பொருத்தினேன். ஒரு சோதனைப் பொத்தான். அதை அமத்தினால் முதல் பல்ப் நேராக எரியும், கம்பியூட்டருக்கு அதில் வேலை இல்லை. இரண்டாவது பல்ப் கம்பியூட்டருக்குள்ளால் போய் எரியும். நிறுத்தும் வேலை எந்த வழியாகப் போகுமோ அதே வழி, அதே முன்னுரிமை. கடைசியில் பெல்ட்டை நிறுத்துவதற்குப் பதிலாகப் பல்பை எரிக்கும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் கம்பியூட்டர் நேரத்துக்கு வேலை செய்கிறது. இரண்டாவது பிந்தினால் பிந்துகிறது. வேறு கருவி என்னிடம் இருக்கவில்லை. கேட்டேன், கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றீர்கள்.

சனிக்கிழமை ஆலை ஓடத் தொடங்கியது. மேசையில் பலகையை வைத்துக்கொண்டு வேறு வேலை செய்தபடி அடிக்கடி அமத்தினேன். இரண்டும் சேர்ந்தே எரிந்தன. மதியத்துக்கு முன் ஒருதரம், முதல் பல்ப் எரிந்து, நான் ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் இரண்டாவது எரிந்தது. மறுபடி அமத்தினேன், மறுபடியும் பிந்தியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அன்று பொழுதுபடும் வரை பிறகு பிந்தவே இல்லை.

ஒரு மூச்சு நேரம் என்றால் பெரிதில்லை என்று தோன்றும். ஓடுகிற பெல்ட் அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று கிழிந்த நீளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையிலேயே பிந்தியது. வெயில் ஏறியிருக்கவில்லை, ஆகவே சூடு காரணமில்லை. செவ்வாய் காலை முழுவதும் காத்திருந்தேன், ஒன்றுமில்லை. பின்னேரம் பிந்தியது. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிந்தியது. மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று மீற்றரைப் பார்த்தேன், முள் அசையவில்லை. பொத்தான் முனைகளில் உரத்தூசி பிடித்திருக்குமோ என்று கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் பிந்தியது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒவ்வொரு நாளும் வேறு வேளை. இப்படி ஒரு பிழையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

உங்களிடம் வந்து சொன்னேன். "மெசினுக்கும் மூட் இருக்கோ?" என்று கேட்டீர்கள். சிரித்தீர்கள். இப்போது மலரில் உள்ள படத்திலும் அதே சிரிப்புத்தான்.

வியாழக்கிழமை கம்பியூட்டர் அறையின் ஏசி நின்றுவிட்டது. உள்ளே அவிந்தது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து ஒரு கதிரையை முட்டுக் கொடுத்து வைத்தேன். பின்னேரமாகும் நேரத்தில் வெளியே ஒரு மணி அடித்தது. தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கிற சத்தம். பழக்கத்தில் கை பொத்தானை அமத்தியது. முதல் பல்ப் எரிந்தது. இரண்டாவது வரவில்லை. வரவில்லை. பிறகு எரிந்தது.

எழும்பி வெளியே ஓடினேன். ஏற்றுமிடத்தின் மேற்பார்வையாளர், நிலாவெளிக்காரர், கையில் இரும்போடு நின்றார்.

"இதென்ன மணி அண்ணை?"

"ராகு காலம் முடிஞ்ச மணி, மிஸ்."

"என்ன?"

"ராகு காலத்தில லொறிக்காரர் பாரம் ஏத்தமாட்டாங்கள். தமிழனும் ஏத்தமாட்டான், சிங்களவனும் ஏத்தமாட்டான். பிறகு வழியில ரயர் வெடிச்சால் ஆர் பொறுப்பு? அதால முடியும்வரை ஆறு வாயையும் மூடி வைக்கிறது. முடிஞ்ச உடன மணி அடிச்சுத் திறக்கிறது. மிஸ்ஸுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. நாங்கள் கிறிஸ்தவர், மெதடிஸ்த் சபைக்காரர், எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. லொறிகள் வரிசையாக நிற்பதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன், நிறைத் துண்டுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். மணிச்சத்தம் சாத்திய கதவுக்குள் வந்ததேயில்லை. ஏசி சனிக்கிழமையே பழுதாகியிருந்தால் நான் இவ்வளவு நாள் தேடியிருக்கத் தேவையில்லை.

நின்ற நிலையிலேயே அவரிடம் கிழமை கிழமையாகக் கேட்டேன். திங்கள் காலை, சனி மதியத்துக்கு முன், புதன் மத்தியானம், செவ்வாய் பின்னேரம். என்னுடைய பல்ப் பிந்திய வேளைகளும் ராகு காலம் முடிகிற வேளைகளும் ஒன்று.

அடுத்த நாள் காலை அவரிடம் போனேன்.

"அண்ணை, ஒருக்கா இப்ப மணி அடிச்சுத் திறவுங்கோ, ஒரு சோதனை."

"இப்பவோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை மிஸ். ராகு காலம் இன்னும் தொடங்கவேயில்லை. தொடங்காததை நான் எப்பிடி முடிக்கிறது?"

"சரி, மணி வேண்டாம். ஆறு வாயையும் கொஞ்ச நேரம் மூடி வைச்சு ஒரேயடியாத் திறவுங்கோ."

"லொறிக்காரர் என்னைத் தின்னுவாங்கள்."

"என்ர பெயரைச் சொல்லுங்கோ."

"உங்களைத் தின்னட்டும் எண்டு சொல்லுறன்," என்று சொல்லிவிட்டுப் போய் மூடினார். லொறிக்காரர்கள் கத்திய கத்து கண்ணாடிக்குள்ளேயும் கேட்டது. அவர் கையை உயர்த்தினார், ஆறும் திறந்தன. நான் அமத்தினேன். இரண்டாவது பல்ப் பிந்தியது.

அப்படியானால் ராகுவிலே பிழையில்லை. ஆறும் ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் பிழை. மற்ற நேரங்களில் லொறிகள் முன்னும் பின்னுமாகத்தான் ஏற்றும். இரண்டாம் முறை மூடித் திறக்கும்போது, கம்பியூட்டர் தன் திரையில் தொட்டிகளை வரைந்து காட்டுகிற வேலையை நிறுத்தி வைத்தேன். பிந்தவில்லை. மூன்றாம் முறை திரையை ஓடவிட்டு, லொறிகளுக்கு நிறைத் துண்டு அச்சடிக்கிற வேலையை நிறுத்தினேன். பிந்தவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடினால் மட்டும் பிந்தியது.

கம்பியூட்டர் தெரியாதவர்களுக்கு இதை இப்படிச் சொல்கிறேன். கிண்ணியாவுக்குப் போக அப்போது பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோகிற மிதப்புப் பாதைதான். இறங்குகிற இடம் ஒரு வண்டி அகலம். அம்புலன்ஸ் வந்தால் எல்லாரும் வழி விடவேண்டும், அதற்குத்தான் முதல் இடம். ஆனால் ஒரு மாட்டுவண்டி ஏற்கெனவே அந்த இறக்கத்தில் இறங்கிவிட்டது என்று வையுங்கள். வண்டி ஏறி முடியும்வரை அம்புலன்ஸ் நிற்கத்தான் வேண்டும். கொஞ்ச நேரம், பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர் வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஊர்க்கதை கதைக்கத் தொடங்குகிறார். வண்டிக்காரரால் பொலிஸை மீறி நகர ஏலாது. பொலிஸ்காரருக்குப் பின்னால் அம்புலன்ஸ் நிற்பது தெரியாது. எல்லாருக்கும் மேலான அம்புலன்ஸ், ஊர்க்கதை முடியும்வரை நிற்கிறது.

துண்டு அச்சடிக்கிற வேலைதான் மாட்டுவண்டி, முன்னுரிமையில் கடைசி. அது நிறைகள் உள்ள அட்டவணையைத் தன் கையில் பிடித்துக்கொண்டுதான் துண்டை அடிக்கும். நிறுத்துகிற வேலை அம்புலன்ஸ். அதற்கும் அதே அட்டவணை வேண்டும், ஒருவர் பிடித்திருக்கும்போது மற்றவர் தொட ஏலாது. நடுவிலே பொலிஸ்காரர் யாரென்றால் வர்ணத் திரை. ஆறு தொட்டிகளும் ஏறி இறங்குவதை நிறம் நிறமாக வரைந்து காட்டும், ஆறும் ஒன்றாக அசைந்தால் வரைய அதற்கு நேரம் கூட எடுக்கும். வருகிற பெரியவர்களுக்குக் காட்டுவதற்கென்று, அது தடங்காமல் ஓட வேண்டும், முன்னுரிமையைக் கூட்டு என்று சொன்னவர் நீங்கள்.

அன்றைக்கு மத்தியானம் மணி அடிக்கும் நேரத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். பலகைக்கு முன்னால் நின்றீர்கள். ஏசி இன்னும் திருத்தவில்லை, கதவு திறந்திருந்தது, மணி கேட்டது. நான் அமத்தினேன், இரண்டாவது பிந்தியது. "தள்ளும்" என்று சொல்லி நீங்களே அமத்தினீர்கள். பிந்தியது. மறுபடி அமத்தினீர்கள். பிந்தியது. கதிரையை இழுத்து இருந்தீர்கள்.

"இது உடன திருத்தலாமோ?"

"திருத்தலாம் சேர். அட்டவணை கையில இருக்கிற நேரத்தில மட்டும் அச்சடிக்கிற வேலைக்கு முன்னுரிமையைக் கூட்டி விட்டால் திரை குறுக்கிட ஏலாது. வேலை முடிஞ்சதும் பழைய இடத்துக்கு இறக்கலாம்."

"அப்ப திருத்தும்."

"விசாரணையில இதைச் சொல்லுவீங்கள்தானே? அவர் நித்திரை கொள்ளேல்லை."

நீங்கள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தணித்தீர்கள்.

"பிள்ளை, இதைச் சொன்னால் எல்லா வாயும் ஏன் ஒண்டாத் திறந்தது எண்டு கேப்பாங்கள். ஒவ்வொரு நாளும் ஒண்டரை மணித்தியாலம் ஆலையை ராகு காலத்துக்கு நிப்பாட்டி வைக்கிறம் எண்டு கொழும்புக்கு நான் சொல்லுறதோ? ஓயாமல் ஓடுது எண்டு எல்லோ சொல்லி வைச்சிருக்கிறம்."

"அப்ப அவருக்கு என்ன வழி?"

"முதல்ல நீர் திருத்தும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

திருத்தினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த தடவை பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு ஆளின் கை போயிருக்கலாம். பிழையைக் கண்ட பிறகு சாட்சிக்கென்று அதை வளர்த்து வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மிதப்புப் பாதையால் கிண்ணியாவுக்குப் போனேன். நானா வாசலில் வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண்டதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ராகு காலம் என்ற இடம் வந்ததும் வலையைக் கீழே போட்டார்.

"என்னது? ராகு காலமா?"

"ஓம் நானா."

"என்ட நோன்புதான் குத்தம் எண்டாங்களே தங்கச்சி! கடைசீல அவங்கட ராகுவா?"

அவர் சிரித்த சிரிப்புக்கு மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, நோன்போட இப்பிடிச் சிரிக்கிறீங்க?"

"சிரிக்காம என்ன செய்ய? வேல திரும்பக் கெடைக்கப் போகுது." பிறகு என்னிடம் திரும்பி, "பெரியவர் பாத்தாரா? கண்ணால பாத்தாரா?" என்று கேட்டார்.

"பாத்தவர். தானே மூண்டுதரம் அமத்தினவர்," என்றேன். நீங்கள் அமத்தியது இரண்டு தடவைதான், மற்றது நான். சந்தோசத்தில் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப போதும். அவர் சொன்னாக் காணும்."

உங்களை அவ்வளவு நம்பினார்.

திங்கட்கிழமை விசாரணை. கொழும்பிலிருந்து வந்த இருவர், நீங்கள், நானா, சாட்சியாக நான். உங்களிடம் கேட்டார்கள், பொத்தானில் பிழை உண்டா என்று. "வாங்கோ, நீங்களே பாருங்கோ" என்று மேடைக்குக் கூட்டிப் போனீர்கள். ராகு காலம் முடிந்து ஆறு வாயும் திறந்த நேரத்திலேயே கூட்டிப் போனீர்கள், அவ்வளவு துணிவு. அமத்தினார்கள். உடனே நின்றது. நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கிச் சனிக்கிழமை முடித்த திருத்தத்தை வைத்து, பெல்ட் கிழிந்த செவ்வாய்க்கிழமை பிழையே இருக்கவில்லை என்று காட்டினீர்கள்.

அறைக்குத் திரும்பியதும் நான் எழும்பினேன். இது திருத்தியதற்குப் பிறகு, முன்பு பிந்தியது, தலைமைப் பொறியியலாளர் தன் கண்ணால் பார்த்தார் என்று சொன்னேன். வந்தவர்களில் ஒருவர் உங்களைப் பார்த்தார்.

"அப்படி ஏதும் பார்த்தீர்களா?"

"இந்தப் பிள்ளை பல்ப் எரிச்சுக் காட்டினவ. ஏதோ வயர் லூசாக இருந்திருக்கும்," என்றீர்கள்.

"பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டால் இப்பவே காட்டுவன்," என்றேன்.

"கப்பல் நிக்குது. ஓடுற ஆலையில விளையாட ஏலாது. கதையை நிப்பாட்டும்."

நானா எழும்பி நின்று ஒன்றுதான் சொன்னார். "சேர், நான் நோன்பு. நோன்பு புடிச்சவன் பொய் சொல்லுவானா?"

கொழும்பிலிருந்து வந்த மற்றவர், "நோன்பு பிடிச்சவன் நித்திரை கொள்ளாமல் இருப்பானா?" என்று கேட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பகிடி உங்களுடையதுகூட இல்லை. இத்தனை வருசம் கழித்து மலரில் உங்கள் பெயரில் வந்திருக்கிறது.

வேலை போனது. அவர் கொஞ்சக் காலம் கடலுக்குப் போனார், பிறகு சவூதிக்குப் போனார், திரும்பி வந்தார். உழைத்தார், பிள்ளைகளைக் கரைசேர்த்தார். அதில் அவருக்குக் குறையில்லை. குறை வேறு. கிண்ணியாவில் ஒருவருக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தால் அது கழலாது. வீட்டுக்கே பெயராகிவிடும். மலர் வந்த பிறகு ஒரு சோலியாக அங்கே போனபோது, வழி பிடிபடாமல் சந்தியில் நின்று அவருடைய வீட்டை விசாரித்தேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "ஓ, நித்திரையார்ட வீடா?" என்று கேட்டார். மகன் தபால் கந்தோரில் நல்ல உத்தியோகம், அவரும் நித்திரையார்ட மகன்தான். வாழ்நாளில் பிந்தி எழும்பியிருக்காத மனிதர் நானா. வீட்டுக்குள் போனபோது அவரிடம் உங்கள் மலரைக் காட்டவில்லை. அது ஏற்கெனவே அவருக்கு முன்னால் மேசையில் கிடந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, அந்தப் பல்ப் கத இன்னும் ஞாபகமிருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு நானா."

"எனக்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரியும்தானே. ஊருக்குச் சொல்லுங்க."

அதனால்தான் இதை எழுதினேன். உங்களுக்குக் கடிதம் போட்டிருந்தால் நீங்கள் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டிருப்பீர்கள்.

இப்போது ஆலையும் இல்லை, கொழும்பில் பதில் சொல்லவேண்டிய ஆட்களும் இல்லை. ராகு காலத்துக்கு வாயை மூடி வைத்ததற்காக யாரும் உங்கள் ஓய்வூதியத்தைப் பிடிக்கப் போவதில்லை. பயத்துக்குச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே கேட்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், திறந்த கதவுக்குப் பக்கத்தில், உங்கள் விரல் பொத்தானில் இருக்க, இரண்டாவது பல்ப் பிந்தி எரிந்ததா இல்லையா? வீட்டில் இருந்து எனக்குப் பதில் எழுத வேண்டாம். தொலைபேசியிலும் எடுக்க வேண்டாம். சபை சிரித்த அதே ஒன்றுகூடலில், அதே ஒலிவாங்கிக்கு முன்னால் எழும்பி நின்று ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள். சொன்னதை அதே மலரில் அச்சிடுங்கள். நானா முன்வரிசையில் இருப்பார். நான் கூட்டிக்கொண்டு வருவேன்.